மணல் மூட்டை

எங்கள் சந்துக்குச் சரிவு கிடையாது.
கோலிக்குண்டைத் தரையில் வைத்தால்
சற்று யோசிக்கும்,
பிறகு எப்படியும் என் வீட்டுக்குத்தான் வரும்.

ஓட்டேரி, குதிரைலாயச் சந்து.
பழைய எண் பதினாறு, புதிய எண் முப்பத்தொன்று.
இரண்டு எண்ணுக்கும்
ஒரே பழைய குழாய்.

செங்கல் கால்வாய், அதற்குள் சுட்டமண் குழாய்,
அதற்குள் அரசமரத்து வேர்.
வெள்ளைக்காரன் கணக்குப் போட்டபோது
இங்கே எட்டு வீடும் ஒரு குதிரைக் கொட்டடியும்தான்.
இப்போது மாடிக்கு மாடி மோட்டார்.
மூன்றாம் மாடியில் ஒருவர் தலை முழுகினால்
என் குளியலறை வாய் கொப்பளிக்கும்.

ஐப்பசி பிறந்தால் நான் வானிலை அறிக்கை கேட்பதில்லை.
கக்கூஸுக்குள் எட்டிப் பார்ப்பேன்.
'குளுக்' என்று ஒரு சத்தம் வந்தால்
மணல் மூட்டை.
சிமென்ட் சாக்கில் பாதி மணல், கழுத்தில் நைலான் கயிறு.
பீங்கான் வாயில் இறக்கி,
அதன்மேல் இரண்டு செங்கல்,
ஒரு புயல் ராத்திரியில் அதன்மேல் நான்,
மெழுகுவர்த்தியோடு,
விடிய விடிய.
ஊரார் காலைக்கடனை எல்லாம்
நான் ஒருத்தி அடைத்திருக்கிறேன்.

புகார் எண்ணுக்கு அழைத்தது நான்தான்.
லாரி வந்தது. மூடியைத் திறந்தார்கள்.
ஒருவர் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டார்.
'இறங்காதீங்க' என்று
நான் சொல்லவில்லை.
'சீக்கிரம்' என்று சொன்னேன்.
மேலே வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
பெப்சி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்,
'திருப்பித் தர வேண்டாம்' என்று.

தை மாதம் தெருவைக் கீறினார்கள்.
கறுப்புக் குழாய்கள் வந்து படுத்தன.
சந்து முனையில் ஆழக் கிணறு, அதற்குள் இரண்டு பம்பு.
ஒன்று ஓடினால் ஒன்று ஓயும்.
துணி, முடி, வாசலில் கட்டிய திருஷ்டிக் கயிறு,
எது வந்தாலும் அரைத்து அனுப்பும் பல் உண்டாம்.
இன்ஜினியர் ரெஜினா, தலையில் மஞ்சள் தொப்பி,
'இனிமே சரிவு வேணாம் மேடம், அழுத்தம் போதும்' என்றாள்.
பள்ளத்தில் குடியிருப்பவளிடம் போய்
அழுத்தத்தைப் பற்றி.
சிரித்துக்கொண்டேன்.

கழிவுநீர் உந்து நிலையம் என்று
பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து.
உந்து.
நாற்றமே இல்லாத சொல்.

கார்த்திகையில் ஒரு மழை.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
அதுவரை கேட்டதே தெரியாத ரீங்காரம்
நின்றதும் தெரிந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.
இன்னொரு விரற்கடை.
மூட்டையின் கயிற்றைப் பிடித்தபோது
தெருமுனையில் ஜெனரேட்டர் இருமியது.
இரண்டு முறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.
பீங்கானுக்குள் யாரோ உறிஞ்சினாற்போல்
'சர்ர்' என்று இறங்கியது எல்லாம்.

குடை பிடித்துக்கொண்டு முனைக்குப் போனேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.
தகரக் கொட்டகைக்குள் ஆபரேட்டர் கன்னியப்பன்,
பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பும் பச்சையுமாய் விளக்குகள்.
'பயந்துட்டீங்களா?' என்றார்.
பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார்,
அவருக்கு ஸ்டீல் டம்ளரில்,
எனக்குப் பேப்பர் கப்பில்.
மதில்மேல் சட்டை போட்டவர் இவர்தானா
என்று கேட்க வாய் வரவில்லை.
டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

என் வீட்டுக்கு வராதது எங்கோ போகிறது.
கொடுங்கையூர் வரைக்கும் குழாய் என்கிறார்கள்.
வழியில் எங்காவது ஒரு பள்ளத்தில்
கோலிக்குண்டு உருண்டு சேரும் வீட்டில்
யாராவது டார்ச் அடித்துப் பார்க்கிறார்களா, தெரியவில்லை.

மகன் மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்கிறான்.
காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கட்டுக் கதவுக்கு
முட்டுக் கொடுத்திருக்கிறேன்,
இப்போதைக்கு.